ஓய்தலும் ஆறுதலும்

(மொன்றியலில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளை மேடைகளில் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். மொழி வளர்ச்சி, சமூக வளர்ச்சி, கோயில் வளர்ச்சி. நான் குறைவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த ஒன்று வேகம் தணிந்து, சத்தம் தாழ்ந்து, அளவு சிறுத்து வருவதைத் தமிழ் என்னென்ன சொற்களால் சொல்கிறது என்பதுதான் பொருள். அவையை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் பொருத்தமான பொருளைத்தான் எடுத்திருக்கிறேன் என்று படுகிறது. எண்பதுகளின் நடுவில் இருபத்தைந்து வயதில் இந்த நகரத்தில் வந்து இறங்கியவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாவது இயல் உரியியல். வழக்கில் எளிதில் விளங்காத சொற்களுக்கு விளங்கும் சொல்லால் பொருள் தருகிற இயல் அது. தமிழின் முதல் சிறு அகராதி என்றே சொல்லலாம். அதில் விரைவு என்ற பொருளுக்குக் கதழ்வு, துனைவு என்று இரண்டு சொற்கள் வருகின்றன. பல பொருள் கொண்ட 'கடி' என்ற சொல்லிலும் விரைவு ஒரு பொருள். மெல்ல மெல்லக் குறைந்து போவதற்கோ ஒரே நூற்பாவில் நான்கு சொற்கள்: ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல். கடைசிச் சொல் சாஅய் என்று அளபெடுத்து நிற்கிறது. உள்ள ஒன்று நுணுகிப் போவதே நான்கிற்கும் பொருள் என்கிறார் ஆசிரியர். 'உள்ளது' என்பதை அவர் விட்டுவிடாமல் சேர்த்திருப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். முன்பு நிறைய இருந்ததுதான் ஓய முடியும். நின்ற இடத்திலேயே கிடக்கும் கல்லை ஓய்ந்து கிடக்கிறது என்று எவரும் சொல்வதில்லை.

உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணங்களும் சாதாரணமானவை அல்ல. ஓய்தலுக்கு, கலித்தொகையில் வேனில் வெப்பத்தால் வருந்தி இளைத்த களிறு. நிழத்தலுக்கு மதுரைக்காஞ்சியிலிருந்து மறுபடியும் ஒரு யானை. சாய்தலுக்கு நெடுநல்வாடை: கடும் வெள்ளம் வேகம் குறைந்து வடிய, தெளிந்த நீரில் கயல்கள் எதிரேறி வரும் காட்சி. யானையும் வெள்ளமும்தான் அவர்கள் கண்ணுக்குப் பட்டிருக்கின்றன. பெரியது குறைந்தால்தான் குறைந்தது தெரியும்.

இந்த நான்கில் நிழத்தல் நம் வாயிலிருந்து போய்விட்டது. ஆய்தல் என்பதை ஆராய்தல் என்ற பொருளில்தான் இன்று அறிவோம். ஃ என்ற எழுத்துக்கு ஆய்தம் என்று பெயர் வந்ததே அதன் ஓசை நுணுகியிருப்பதால்தான் என்று இந்தப் பழைய பொருளோடு பொருத்திக் காட்டுவோர் உண்டு. சாய்தல் பொழுது சாய்வதில் இன்னும் இருக்கிறது. ஓய்தல் மட்டும் இரண்டாயிரம் ஆண்டு ஓயாமல் உழைத்து, மழைக்கும் அலைக்கும் உத்தியோகத்துக்கும் பொதுவாக நிற்கிறது.

இனி இலக்கணத்தை விட்டு வீட்டுக்குள் வருவோம். காய்ச்சல் தணியும், பிறகு விடும். வீக்கம் வடியும் அல்லது வற்றும். புண் ஆறும். கோபம் தணியும், ஆறும், சில வீடுகளில் அடங்கும். மழை ஓயும், ஆனால் அடைமழைதான் ஓயும், சிறு தூறல் விடும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற பழமொழியில், முடிந்ததற்கும் முடிந்துகொண்டிருப்பதற்கும் நடுவே ஒரு நிலை இருப்பதை ஊர் எவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்கிறது பாருங்கள். சோளகக் காற்று விழும். கடல் வற்றும், பெருகும். கரையோரத்தார் வற்று என்றும் பெருக்கு என்றும் இரண்டு பெயர்ச்சொற்களில் ஒரு நாளையே அளந்துவிடுவார்கள். விளக்கு முதலில் மங்கும், பிறகு யாழ்ப்பாணத்தில் நூரும், தமிழ்நாட்டில் அணையும். நிலா தேயும். மாடு தளரும். உலை கொதித்து அடங்கும். கறி வற்றும். பால் சுண்டும்.

இவற்றையெல்லாம் 'குறைந்தது' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். இன்றைய செய்திகள் அப்படித்தான் சொல்கின்றன: மழை குறைந்தது, விற்பனை குறைந்தது, பதற்றம் குறைந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் குறைந்தது என்பது அளவுகோல் பேசுகிற பேச்சு. ஆறியது, வடிந்தது, தேய்ந்தது என்னும்போது சொல்கிறவர் தன் தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். தேய்ந்தது என்றால் இழப்பு. ஆறியது என்றால் நலம். அடங்கியது என்றால் அடக்கியவர் யார் என்று அடுத்த கேள்வி எழும். எது குறைந்தது, குறைந்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் இந்த வினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் உதாரணம்.

அடங்குதலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் அடங்கும் நேரம் என்பது பழைய தமிழ். கடை கட்டி, மாடு கட்டி, கடைசி வண்டியும் போய், நாய் மட்டும் குரைக்கும் நேரம். யாரும் உத்தரவிட்டு அது வருவதில்லை. பின்னால் அரசாங்கம் அந்தச் சொல்லை எடுத்துச் சட்டமாக்கி ஊரடங்கு என்றது. இலங்கையிலிருந்து வந்த எங்களில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்னும் வயிறு கலங்கும். 2020 மார்ச்சில் தமிழ்நாடு நோய்த்தொற்றுக்காக அதே சொல்லைக் கையிலெடுத்தது. பிறகு 2021 ஜனவரி 9 முதல் மே 28 வரை கெபெக்கில் இரவு ஊரடங்கு. முதலில் இரவு 8 மணியிலிருந்து காலை 5 மணி வரை. பிரெஞ்சில் அதன் பெயர் கூவ்ரஃபு, நெருப்பை மூடு என்று பொருள். இரவில் அடுப்பின் தணலைச் சாம்பலால் மூடிவைக்க மணி அடித்த காலத்துச் சொல். அதுவும் ஒரு தணிவைக் குறித்த சொல்தான், அதையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கோட்-டெ-நேஜ் அடுக்குமாடி ஒன்றின் எட்டாம் மாடியிலிருந்து தெருவைப் பார்த்த ஒரு தமிழருக்கு இரண்டு சொற்களும் ஒன்றாக ஞாபகம் வந்திருந்தால் வியப்பில்லை.

இங்கே ஒரு குறுக்கீடு. தமிழ்நாட்டாரும் இலங்கையாரும் ஒரே மண்டபத்தில் இருக்கும் மொன்றியல் போன்ற ஊரில் இந்தச் சொற்கள் அவ்வப்போது நம்மைக் கவிழ்க்கும். தமிழ்நாட்டு நாளேட்டில் 'விசாரணையில் தொய்வு' என்று தலைப்பு வரும். தளர்ச்சி என்று பொருள். யாழ்ப்பாணத்தில் தொய்வு என்றால் மூச்சு இழுக்கும் நோய், ஆஸ்துமா. விசாரணைக்கு மூச்சுமுட்டுகிறதாக்கும் என்று எங்கள் கிழவிகள் நினைத்தாலும் தவறில்லை, பல விசாரணைகளின் நிலை அதுதான். சுணக்கம் தமிழ்நாட்டில் மந்தம். யாழ்ப்பாணத்தில் "ஏன் இவ்வளவு சுணங்கினனீங்கள்?" என்றால் ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்று கேள்வி. சோனியா தாஸ் என்ற மானிடவியலாளர் மொன்றியல் தமிழரின் மொழிநிலையை ஆராய்ந்து எழுதிய 'லிங்குவிஸ்டிக் ரைவல்ரீஸ்' என்ற நூல் 2016இல் வந்தது. இந்தியத் தமிழரிடம் பேச்சுத்தமிழும் இலங்கைத் தமிழரிடம் எழுத்துத்தமிழும் இருப்பதாக இந்நகரத்தில் ஒரு பாகுபாடு நிலவுவதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். நான் சொல்லும் வேறுபாடு அந்தக் கோட்டுக்குள் அடங்காது. சுணங்குவதும் நூருவதும் சுத்தமான பேச்சுத்தமிழ்.

எல்லாவற்றிலும் அழகான வேறுபாடு ஆறுதலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறுதல் சொல்வார்கள், துக்கத்துக்கு. எங்கள் ஊரில் "ஆறுதலா வாங்கோ", "ஆறுதலா இருந்து சாப்பிடுங்கோ" என்போம். அவசரமில்லை, மெதுவாக என்று பொருள். சூடு ஆறுவது, புண் ஆறுவது, சினம் ஆறுவது, பசியாறுவது எல்லாம் ஒரே வினை. அந்த வினையிலிருந்து யாழ்ப்பாணம் வேகக் குறைவுக்குச் சொல் செய்தது. தமிழ்நாட்டுத் தெருவோரத்தில் 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை இருக்கும். இங்கே நெடுஞ்சாலையில் வேலை நடந்தால் ரலாந்திர் என்று பிரெஞ்சில் வரும். இரண்டும் வண்டியோடு பேசுகின்றன. ஆறுதலாகப் போ என்பது ஓட்டுகிறவரோடு பேசுகிறது. மொன்றியல் தீவில் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக்கூடாது என்பது தெரியாமல் வந்து அகப்பட்டுக்கொள்ளும் ரொறன்ரோ உறவினர்களுக்கு நான் சொல்லும் புத்தியும் அந்த ஒரு சொல்தான்.

இதே வினை இன்னொரு முக்கியமான இடத்திலும் நிற்கிறது. தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர். இலங்கையில் இளைப்பாறிய ஆசிரியர். ஓய்வு என்பதில் உரையாசிரியர்கள் காட்டிய யானை இருக்கிறது: வலிமை நுணுகியது, நின்றது. இளைப்பாறல் என்பதில் இரண்டு வினைகள். முதலில் இளைத்தார், அதாவது களைத்தார், மூச்சு வாங்கினார். பிறகு அந்த இளைப்பு ஆறியது. முன்னே ஓர் உழைப்பு இருந்தது என்பதையும் பின்னே ஒரு நலம் வருகிறது என்பதையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறது. பிரெஞ்சில் ரெத்ரேத், பின்வாங்கல். போர்க்களத்தில் படை பின்வாங்குவதற்கும் அதே சொல். 2016 முதல் நமக்கு ஓய்வூதியக் கடிதங்கள் அனுப்பும் அமைப்பின் பெயரே ரெத்ரேத் கெபெக். உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவியும், ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்தும், இரவுக் காவல் பார்த்தும் முப்பது வருடம் போன ஒருவர் அறுபது வயதில் அந்தக் கடிதத்தைத் திறக்கிறார். அவர் பின்வாங்கினாரா, ஓய்ந்தாரா, இளைப்பாறினாரா? மூன்று மொழிவழக்குகளும் மூன்று விதமாகத் தீர்ப்பளிக்கின்றன. என் வாக்கு இளைப்பாறலுக்கு. தமிழ்நாட்டு நண்பர்கள் இந்தச் சொல்லை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், உரிமைத்தொகை கேட்க மாட்டோம்.

இசையைப் பற்றி ஒரு சொல். மேற்கத்திய இசையில் ஒரு பகுதி முடியும்போது வேகம் படிப்படியாகத் தளர்வதற்கு இத்தாலிய மொழியில் ரித்தார்தாந்தோ என்று குறியீடு உண்டு. இந்நகரத்து மெசோன் செம்ஃபொனிக் அரங்கில் உட்கார்ந்தால் எழுபது பேர் ஒன்றாகத் தளர்வதைக் கேட்கலாம். நம் கச்சேரியில் காலப்பிரமாணம் தளர்ந்தால் அது குற்றம். வேகம் மாறவேண்டுமானால் கீழ்க்காலம், மேல்காலம் என்று இரட்டிப்பாகவோ பாதியாகவோ மாறும். சிலப்பதிகார உரை சொல்லும் முதல்நடை, வாரம், கூடை, திரள் என்ற நான்கு இயக்கங்களும் தாழ்ந்த செலவிலிருந்து முடுகிய செலவு வரை தனித்தனிப் படிகள். வினைச்சொற்களில் இத்தனை வகைத் தளர்வைப் பிரித்தறிந்த மொழி, மேடை இசையில் அதற்கு இடம் வைக்கவில்லை. ஆனால் ஓராட்டு இருக்கிறது. பிள்ளையின் கண் சொருகச் சொருகத் தாயின் பாட்டு இழுபட்டு, சொற்கள் உதிர்ந்து, வெறும் முனகலாகி நின்றுபோகும். எந்தச் சுரக்குறிப்பும் அதை எழுதி வைத்ததில்லை.

இனி இந்த நகரம். 1975 அக்டோபரில் மிராபெல் விமான நிலையத்தைத் திறந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வருபவை தவிர, மொன்றியலுக்கு வரும் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் அங்கேதான் இறங்க வேண்டும் என்று விதி. எண்பதுகளில் ஐரோப்பா வழியாக மொன்றியலுக்குப் பறந்து வந்த எங்களுக்கு முதல் கனடா அந்த மண்டபம்தான். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டெடுத்த செய்தி உலகெங்கும் போனது. அவர்களிலும் ஒரு பகுதியினர் மொன்றியலுக்கு வந்தார்கள். அன்றைக்கு இது தலைவாசல். பிறகு ரொறன்ரோ இழுத்தது. அங்கே ஆங்கிலம், அங்கே வேலை, அங்கே ஒன்றுவிட்ட தமையன். இங்கே 1977ஆம் ஆண்டின் 101ஆவது சட்டப்படி பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பள்ளி. ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று குடும்பம் 401 நெடுஞ்சாலையில் மேற்கே போகும். மிராபெலும் அப்படியே ஆனது. 1997இல் வெளிநாட்டு விமானங்கள் டோர்வால் என்ற பழைய விமான நிலையத்துக்குத் திரும்பின. 2004 அக்டோபர் 31இல் கடைசிப் பயணிகள் விமானம். 2014இல் மண்டபத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு ஓய்ந்தது என்று சொல்லலாம், உரியியல் சொல்கிற சரியான பொருளில். 'உள்ளது' அங்கே நிறையவே இருந்தது.

ஆனால் மொன்றியல் தமிழ்ச் சமூகத்துக்குத் தேய்தல் என்ற வினையைப் போடுகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. ரொறன்ரோ மேடைகளில் "மொன்றியல் தேய்ந்துவிட்டது" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நிலாவை விட்டால், தேய்தல் என்பது உரசலால் வருவது, திரும்பி வராதது. கணக்காளர்கள் இயந்திரத்துக்குப் போடும் தேய்மானம் அது, எங்கள் ஊர்க் கணக்கியல் புத்தகத்தில் பெறுமானத் தேய்வு. வெள்ளம் வேறொரு பள்ளத்துக்குப் போனால் அதற்குப் பெயர் வடிதல். வடிந்த இடத்தில் வண்டல் நிற்கும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் திருமுருகன் கோயிலைக் கட்டி எழுப்பியவர்கள் போகாமல் நின்றவர்கள்தான். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூலைக்கு மூலை டெப்பனர் என்னும் சிறுகடை நடத்தி, மூன்று மொழியில் சில்லறை எண்ணிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் அவர்கள்தான்.

பிள்ளைகளின் தமிழுக்கு எந்த வினை? இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் பலர் வந்திருப்பீர்கள். சுண்டுகிறது என்று சொல்ல எனக்கு ஆசை. சுண்டுதல் விசித்திரமான வினை. அளவு குறையும், சாரம் கூடும். கருப்பணியைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள், மார்ச் மாதம் இங்கே மேப்பிள் காட்டில் நீர் காய்ச்சும் கொட்டகைக்குள் நுழைந்ததும் விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் மரம் நீர் சுரக்கும். அதில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும். ஏறத்தாழ 40 லீட்டர் நீர் சுண்டி 1 லீட்டர் பாணி. உலகத்து மேப்பிள் பாணியில் சுமார் 70 விழுக்காடு இந்த மாகாணத்தில் இப்படிச் சுண்டியதுதான். நம் பிள்ளைகளின் தமிழ் அப்படிக் கெட்டியாகிறதா? சில வீடுகளில் ஆம். அம்மம்மாவோடு பேசும் நூறு நூற்றைம்பது சொல்லில் முழு அன்பையும் முழுச் சண்டையையும் நடத்துகிற பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் இல்லை. அங்கே நடப்பது வற்றுதல், நீரோடு சாரமும் போகிறது. இரண்டையும் சேர்த்துத் "தமிழ் குறைந்துவிட்டது" என்று புலம்பினால், எந்த வீட்டுக்கு எது தேவை என்பதே தெரியாமல் போகும். சுண்டுகிற வீட்டுக்கு வாசிக்கப் புத்தகம் வேண்டும். வற்றுகிற வீட்டுக்கு முதலில் பேச ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் இரண்டுக்கும் ஒரே பாடப்புத்தகத்தைக் கொடுக்கிறது.

ஆகவே இந்த அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். இளைப்பாறியவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களில் குருநகரில் வலை இழுத்தவர்கள் உண்டு, வன்னியில் குளத்துக்குக் கீழே வயல் செய்தவர்கள் உண்டு, மட்டக்களப்பு வாவியில் தோணி விட்டவர்கள் உண்டு. காற்று விழுவதற்கும், நீர் வடிவதற்கும், மீன்பாடு குறைவதற்கும், இயந்திரம் இளைப்பதற்கும் உங்கள் கையில் உள்ள சொற்களைக் குரலாகவே பதிந்து வையுங்கள். அகராதியில் ஏறாத வினைகள் அவற்றில் இருக்கும். பதியும்போது "குறைந்தது" என்ற சொல்லை மட்டும் சொல்லக்கூடாது என்று ஒரு விதி போட்டுக்கொண்டால் வேலை இன்னும் சுவைக்கும்.

அந்தப் பட்டியலில் இந்த மண்ணுக்கு உரிய சில இடங்களை வெறுமையாக விட்டு வையுங்கள். சான்-மிஷேலில் ஃபிராங்கோன் என்ற பழைய கற்சுரங்கம் இருக்கிறது. குளிர்காலம் முழுதும் தெருக்களில் அள்ளிய பனியை நகராட்சி அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அழுக்கு ஏறிய அந்த மலை கோடை பிறந்த பிறகும் கிடக்கும். அது உருகுகிறதா, கரைகிறதா, தேய்கிறதா, மண் போலச் சரிகிறதா? சினோ என்று நாம் சொல்லும் பனி கொட்டுவது நின்றால் மழைக்குரிய 'விட்டது' என்பதையே கடன் வாங்கிச் சொல்லிவிடுகிறோம், அது போதும். ஆற்றுக்குத்தான் போதவில்லை. சென் லோரான்ஸ் ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நீரோட்டத்தை அடைத்துக்கொள்வதற்குப் பிரெஞ்சில் ஆம்பாக்ல் என்று ஒரு சொல். வசந்தத்தில் அந்த அடைப்பு விட்டு ஆறு மறுபடி ஓடத் தொடங்குவதற்குத் தெபாக்ல் என்று இன்னொரு சொல். நாற்பது வருடமாக இந்த ஆற்றின் கரையில் இருக்கிறோம், இரண்டுக்கும் நம்மிடம் ஒரு சொல் இல்லை. போன கிழமை வன்னியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆறு உடைப்பெடுத்திட்டுது" என்றார். குளத்துக்கட்டு வெள்ளத்தில் உடைந்தால் அங்கே சொல்கிற சொல். எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது. குருநகர்க்காரர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்பதைத் தேநீர் நேரத்தில் கேட்டுச் சொல்லுங்கள்.